நூற்றிருபது வயதுத் தோள்கள்

க்ளாத்தென், ஜாவா
12 மார்ச் 1997

அன்புத் தங்கை விதார்த்திக்கு,

அக்கா மூர்த்தினி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பாலிக்பாப்பானில் நலம்தானே? பெருநாளுக்கு இந்த வருடமும் நீ வரவில்லை. கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்று போன வருடமும் எழுதினாய். அந்தக் கப்பல்காரனுக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் சுதந்திர தினப் போட்டியில் நம் ஊர் பாட்மிண்டன் கழகம் பெண்கள் இரட்டையருக்குப் புதிதாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. இரண்டு பேர் வயதையும் கூட்டினால் குறைந்தது நூற்றிருபது வர வேண்டும். பலகையில் அதைப் படித்துவிட்டு நடுத்தெருவிலேயே நின்று விரல் விட்டு எண்ணினேன். எட்டு வருடம் ஒரு விண்டு. ஜூலையில் நான் எட்டு விண்டு முடிக்கிறேன், அறுபத்து நான்கு. நீயும் என்னைப் போல விண்டுவின் கடைசியான ஜிமாகிர் வருடத்துக்காரி, என்னைவிடச் சரியாக ஒரு விண்டு இளையவள். உனக்கு ஏழு விண்டு, ஐம்பத்தாறு. கூட்டிப் பார். நமக்கென்றே யாரோ எழுதி ஒட்டிய மாதிரி இருக்கிறது. வேறு யாரோடு சேர்ந்தாலும் எனக்கு அந்தக் கணக்கு வராது. இங்கே என் பக்கம் சேர்ந்து ஆடுகிறவள்கள் எல்லாம் சின்னப் பெண்கள்.

ஒரு சின்ன உபத்திரவம். போன ஞாயிறு ஊர்த்தலைவர் மனைவி சுமார்னியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தேன். அவள் உயரத் தூக்கிப் போட்ட பந்தை எட்டி அடித்தபோது வலது தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கை தொங்கிவிட்டது. புள்ளி எனக்குத்தான் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கர்சி வந்து பார்த்தாள். "காத்து உள்ள பூந்துருச்சுக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று எண்ணெய் தடவி, காசை வைத்து முதுகு முழுக்கச் சுரண்டினாள். இப்போது என் முதுகு சிவப்புக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். காற்று மட்டும் இன்னும் வெளியே போகவில்லை.

ஆகஸ்டுக்கு வந்துவிடு. பந்துகளை ஆவியில் காட்டி இறகு உடையாமல் பதமாக வைத்திருப்பேன்.

ஆசிகளுடன்,
அக்கா மூர்த்தினி


பாலிக்பாப்பான்
2 ஏப்ரல் 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

முழங்காலிட்டு வணங்கி விதார்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே மழை விட்டதா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

தோளைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. அக்கா, அது காற்று இல்லை. கர்சியைச் சுரண்ட விடாதீர்கள். எலும்பு வைத்தியரிடம் போய் இழுக்கவும் கொடுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க வேண்டாம், முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் கொக்கி வைத்த உள்பாடியை எடுத்து வைத்துவிட்டு, முன்பக்கம் பூட்டுகிற மாதிரி இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். உயரமான அலமாரியில் எதையும் வைக்காதீர்கள்.

அப்பா சொல்லிக்கொடுத்த நிலாக் கணக்கை நீங்கள் இன்னும் விடவில்லை. அதில் வருடத்துக்குப் பதினோரு நாள் குறைச்சல், வயது ஓடிவிடும். அடையாள அட்டைப்படி ஆகஸ்டில் உங்களுக்கு அறுபத்திரண்டு, எனக்கு ஐம்பத்து நான்குதான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது குதிக்கிற வயது இல்லை. விளையாட்டை நிறுத்திவிடுங்கள்.

வணக்கத்துடன்,
விதார்த்தி


க்ளாத்தென்
24 ஏப்ரல் 1997

அன்புத் தங்கைக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். உன் கடிதம் வந்தபோது நான் ஏற்கெனவே எலும்பு வைத்தியரிடம் போய் வந்திருந்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் செத்துப்போன நம் பாட்டன் பூட்டன் எல்லோரையும் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. நீ சொன்னாய் என்று போகவில்லை. கொண்டை போட முடியவில்லை, அதனால் போனேன்.

பெரிய டாக்டர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "யார்கிட்டம்மா அடி வாங்குனீங்க?" என்றார். கையை முன்னால் நீட்டி, கட்டை விரலைக் கீழே பார்க்க வைத்து, டம்ளரைக் கவிழ்க்கிற மாதிரி பிடிக்கச் சொன்னார். மேலிருந்து ஒரு விரலால்தான் அழுத்தினார். கை பொத்தென்று விழுந்தது. பிறகு தோளில் குளிர்ந்த பசை தடவி அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள்.

"கையைத் தூக்குறதுக்குத் தோள்ல ஒரு தசைநார் இருக்கும்மா. வயசானா அது நைஞ்சு போகும். உங்களுக்குக் கிழிஞ்சிருக்கு" என்றார்.

"தைக்கக் கூடாதா டாக்டர்?"

"நைஞ்ச துணியில தையல் நிக்கலாம், நிக்காமலும் போகலாம். இந்த வயசுல எதுக்கு? பேரப்பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க."

"பேரப்பிள்ளையத் தூக்கவும் தோள் வேணுமே டாக்டர்" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் வாயை மூடுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் கழகச் செயலாளர் துகிமான் வீட்டுக்கு வந்தான். பாதி தேநீர் வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினான். அப்புறம், "அக்கா, இந்த வருஷம் நீங்கதான் பரிசு குடுக்கணும். மேடையில வெள்ளை உறை போட்ட நாற்காலி, பலகாரப் பெட்டி, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டோம்" என்றான்.

"யாருக்குடா பரிசு குடுக்கணும்?"

"ஜெயிக்கிறவங்களுக்கு."

"அப்ப எனக்கு நானே குடுத்துக்கறதா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. விதார்த்தி, உயிரோடு இருக்கிறபோதே மாலை போட்டுப் படமாக்கி மாட்டப் பார்க்கிறார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். வலது கை எழும்பாவிட்டால் இடுப்புக்குக் கீழேயே ஆடுகிறேன், அதை யார் தடுப்பது?

வருகிறாயா இல்லையா என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்கா மூர்த்தினி


பாலிக்பாப்பான்
28 மே 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

விதார்த்தியின் வணக்கம். எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே வீட்டுக்கு வெள்ளையடித்தோம், பேத்திக்குப் பரீட்சை, அவர் கம்பெனி வேலையாக அலைகிறார்.

மேடை நாற்காலியில் அவமானம் எதுவும் இல்லை, அக்கா. மரியாதைக்குத்தானே கேட்கிறார்கள்? தைக்கச் சொல்லி டாக்டரிடம் வற்புறுத்தாதீர்கள். தைத்த பிறகு வாரக்கணக்கில் கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு குவளை தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ள முடியாது. படுத்தால் வலி தாங்காது, நாற்காலியில் சாய்ந்தபடியேதான் தூங்க வேண்டும். விடிகிற வரைக்கும் பல்லி கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்.

சோயா டெம்பே வறுக்கும்போது எண்ணெய்ச் சட்டியை ஒரு கையால் தூக்காதீர்கள்.

வணக்கத்துடன்,
விதார்த்தி


க்ளாத்தென்
9 ஜூன் 1997

அன்புத் தங்கைக்கு,

நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ஒரு சந்தோஷமும் ஒரு கேள்வியும் இருக்கிறது.

சந்தோஷம் முதலில். அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிரிவில் ஹெஸ்தி என்று ஒரு டாக்டர் இருக்கிறாள். சின்னப் பெண், என்னைவிட அதிகமாக வாய் பேசுகிறாள். அவள் என் வலது தோளை மறுபடி படம் எடுத்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க இடது தோளையும் காட்டச் சொன்னாள். இடதுதான் என் நல்ல தோள் ஆயிற்றே, தாராளமாகக் காட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் வலிக்குதா?"

"இல்லையே."

"எப்பவாவது வலிச்சிருக்கா?"

"இந்தக் கையாலதான் தண்ணி வாளி தூக்கறேன். என்ன விஷயம், சொல்லு."

"இதுவும் கிழிஞ்சிருக்கு, பெரியம்மா."

விதார்த்தி, அதுவும் கிழிந்திருக்கிறது! எப்போது கிழிந்தது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பல வருடமாகவே இருக்கலாமாம். அறுபது தாண்டியவர்களில் பலருக்கு இப்படி ஒரு கிழிசல் இருக்கும், வலியே இல்லாமல் நடமாடுவார்கள், படம் எடுத்தால்தான் தெரியும் என்கிறாள். சுற்றியிருக்கிற மற்ற தசைகள் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளுமாம். "உங்க இடது தோள் அதை நீங்க கேக்காமலே கத்துக்கிச்சு. வலது தோளுக்கு நாம சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? இதில் எந்தத் தோள் கிழடு என்று துகிமான் வந்து சொல்லட்டும்.

இப்போது சைக்கிள் டியூபை நறுக்கி ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து இழுக்கிறேன். சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறுகிறேன். முதலில் மூக்கு உயரம்தான் வந்தது, நேற்று நெற்றியைத் தாண்டினேன். தலைக்கு மேல் ஓங்கி அடிக்கக் கூடாது, வலி ராத்திரி வரை நின்றால் அன்றைக்கு அதிகம் செய்துவிட்டேன் என்று அர்த்தம், இரண்டும் ஹெஸ்தி போட்ட சட்டம். வலைக்கு முன்னால் நின்று தாழ்வாக ஆட அனுமதி கொடுத்துவிட்டாள். பின்வரிசையைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

இனி கேள்வி. முதுகுப் பக்கக் கொக்கி போட முடியவில்லை என்று நான் உனக்கு எழுதவே இல்லை. தூளி கட்டினால் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியாது, நாற்காலியில் தூங்க வேண்டும், பல்லி கத்தும்... இதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வராது. இரண்டு பெருநாளாக உனக்கு மட்டும் கப்பலில் இடம் இல்லை. உன் தோளை எப்போது அறுத்தார்கள்?

அக்கா மூர்த்தினி


க்ளாத்தென்
2 ஜூலை 1997

விதார்த்தி,

நலமா? நான் நலம். தபால்காரர் மூன்று வாரமாக என் வாசலைத் தாண்டிப் போகும்போது மணியைக்கூட அடிப்பதில்லை. பாவம், அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

நேற்று நம் இருவர் பெயரையும் கழகத்தில் கொடுத்துவிட்டேன். துகிமான், "பார்ட்னர் வருவாங்களாக்கா?" என்று கேட்டான். "வருவா" என்றேன். பொய் சொன்னேனா என்பதை நீ எழுது.

அக்கா


பாலிக்பாப்பான்
10 ஜூலை 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உடம்பு நலம்தான். மனசு நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை.

இரண்டு வருடம் முன்பு குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்தேன். விழும்போது வலது கையை ஊன்றினேன். கை தூக்க வரவில்லை. அவர், "வயசாச்சுன்னா வலி இருக்கத்தான் செய்யும், ரெஸ்ட் எடு" என்றார். நான் எடுத்தேன். உங்களுக்கு நைந்து கிழிந்தது, எனக்கு விழுந்து கிழிந்தது. சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்று பின்னால் டாக்டர் சொன்னார். சுராபாயாவில் தைத்தார்கள். வீட்டுக்காரர் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அப்போதுதான். உங்கள் ஊருக்குப் பஸ்ஸில் ஒரு பகல் தூரத்தில் படுத்திருந்தேன், அக்கா. ஒவ்வொரு நாளும் உங்களைக் கூப்பிட நினைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், நாம் சேர்ந்து ஆடி மாவட்டக் கோப்பை வாங்கிய அன்று "நம்ம வீட்டுப் பொண்ணுங்க தோள் இரும்புடி" என்று சொல்லி என் முதுகில் அறைந்தீர்கள். அதை நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. கம்பெனிக்காரர் மனைவி, பிள்ளைகளுக்கு அம்மா, இதெல்லாம் எல்லோரும்தான். தோள் போன பிறகு உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

தையல் கூடிவிட்டது என்றார்கள். கவனமாக இருங்கள் என்றார்கள். நான் கவனமாக இருக்கிறேன். தலைக்கு மேல் இந்தக் கை போய் இரண்டு வருடம் ஆகிறது. மருமகள்தான் தலை வாரிவிடுகிறாள். என் மட்டையை அவர் டிரைவரின் மகளுக்குக் கொடுத்துவிட்டார், நான் வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

என்னால் வர முடியாது. என் பெயரை அடித்துவிடுங்கள்.

விதார்த்தி


க்ளாத்தென்
21 ஜூலை 1997

என் விதார்த்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து உன்னைத் திட்டினேன். கர்சி வந்து யாரைத் திட்டுகிறேன் என்று கேட்டாள், உன் வீட்டுக்காரரை என்று சொல்லிவிட்டேன். நான் நலம். நீ நலமாக வேண்டும்.

ஒரு பகல் தூரத்தில் வலியோடு படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறாய். இரும்பு என்று சொன்ன என் வாயில் மண்ணைப் போட. என் இரண்டு தோளும் கிழிந்த கந்தல், அதை வைத்துக்கொண்டுதான் உன்னை மிரட்டிக்கொண்டிருந்தேன். இரும்பாம்! இரும்பாக இருந்தால் துருப்பிடித்து எப்போதோ போயிருக்கும்.

ஹெஸ்தியிடம் உன் கதையைச் சொன்னேன். "தையல் கூடி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா அந்தக் கைக்கு இப்ப வேலைதான் மருந்து. அங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றாள். போய்க் காட்டு.

பெயரை நான் அடிக்க மாட்டேன். அதை அடிக்க வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். முந்தாநாள் கழகத்தில் கூட்டம் போட்டார்கள். சுமார்னிதான் கிளப்பிவிட்டாள். அவளும் அவள் நாத்தனாரும் அதே பிரிவில் ஆடுகிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

"அடையாள அட்டையில நூத்திப் பதினாறுதான் வருது. நாலு வயசு குறையுது" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் காதையே நம்ப முடியவில்லை. "மூணு மாசமா கிழவி, கிழவின்னு நாற்காலியில உக்காரச் சொன்னீங்க. இப்ப கிழவியாக எனக்கு வயசு பத்தலையா?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. வயதைக் கூட்டச் சொல்லி ஒரு பொம்பளை சண்டை போட்டது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

துகிமான், "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லக்கா" என்று இழுத்தான்.

"பலகையில அட்டை வயசுன்னு எங்க எழுதியிருக்கு? வயசுன்னுதான் இருக்கு." பிறகு சுமார்னியிடம் திரும்பினேன். "போன வருஷம் உங்க வீட்டுக்காரருக்கு எட்டு விண்டு விருந்து வெச்சீங்களே, அட்டையில அவருக்கு அப்ப எத்தனை? ஊரே வந்து வாழ்த்திட்டுச் சாப்பிட்டுப் போச்சு. அந்தச் சோறு மட்டும் நிலாக் கணக்கு, எங்க ஆட்டம் அட்டைக் கணக்கா?"

அவள் வீட்டுக்காரர், அதுதான் ஊர்த்தலைவர், மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பக்கம் பேசினால் தன் விருந்து பொய்யாகும், என் பக்கம் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது. கடைசியில் அவருடைய தகப்பனார், பெரியவர் கர்தோ, தடியைத் தட்டினார். கணக்குச் சொல்ல ஊரில் அவரை விட்டால் ஆள் இல்லை. "ரெண்டு பேரும் ஆட்டத்தன்னிக்கு என் முன்னால வந்து நிக்கட்டும். பொறந்த கிழமை, நாள், வருஷம் அவங்கவங்க வாயால சொல்லட்டும். நான் எண்ணிச் சொல்றேன். வராதவங்க பேரு கிடையாது" என்றார்.

ஆக, நீ வராவிட்டால் நான் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுமார்னிக்குக் கோப்பை கொடுக்க வேண்டும். கெஞ்சவில்லை. நிலவரம் இதுதான் என்று சொல்கிறேன்.

அக்கா


பாலிக்பாப்பான்
1 ஆகஸ்ட் 1997

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நலம்.

டாக்டரிடம் காட்டினேன். கையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். போயிற்று, அக்கா. காது வரைக்கும் போயிற்று. "ரெண்டு வருஷமா ஏம்மா இதைத் தூக்கல?" என்று கேட்டார். "நீங்க தூக்கச் சொல்லலையே" என்றேன். "தூக்காதேன்னும் சொல்லலையே!" என்றார். அவர் சொன்ன பயிற்சிகளைத் தொடங்கியிருக்கிறேன்.

பத்தாம் தேதிக் கப்பலில் வருகிறேன். ஆடுவதற்கு இல்லை. பெரியவர் முன்னால் நின்று பிறந்த கிழமையைச் சொல்வதற்கு மட்டும். அதைச் சொல்ல என்ன தோள் வேண்டியிருக்கிறது? உங்கள் பெயர் அடிபட நான் காரணமாக இருக்க மாட்டேன். சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது, ஆட்டத்தில் எனக்குப் பதிலாக யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரிடம் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். தோள் கிழிந்திருக்கிறதே, பொய் இல்லை.

விதார்த்தி


பாலிக்பாப்பான்
5 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணங்கி எழுதுகிறேன். இந்த முறை ‘நீங்கள்’ வேண்டாம். ஒரே வலைக்குப் பின்னால் நின்ற பிறகு அது வாயில் வரவில்லை. பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே காட்டுத்தீப் புகை, கொடியில் போட்ட துணியெல்லாம் கருவாட்டு வாசனை அடிக்கிறது. உன் வலது தோள் எப்படி இருக்கிறது? டியூபை விடாமல் இழுக்கிறாயா? வந்த மறுநாளே நான் டாக்டரிடம் போனேன். தையல் அப்படியே இருக்கிறதாம். பிடிப்பு மட்டும் நான்கு நாள் இருந்தது, நல்ல பிடிப்பு.

பஸ் நிலையத்தில் நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கடைசிப் பந்துக்காகக் கோபம் என்று தெரியும். நீ ஆட்டம் முழுக்க முன்னால் வலையோடு ஒட்டி நின்றாய். உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பெரியவர் கர்தோ முன்னால் நின்று "வெள்ளிக்கிழமை, பஹிங் சந்தை நாள், ஜிமாகிர் வருஷம்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் விரல் கணுக்களில் எண்ணி எண்ணி, "ரெண்டு பேருக்கும் சேத்துப் பதினஞ்சு விண்டு. நூத்திருபது. சுத்தமா இருக்கு" என்றதும் மண்டபம் கைதட்டியது. அதோடு கிளம்பிவிடலாம் என்றுதான் செருப்பைத் தேடினேன். பதிலாள் என்று நீ யாரையும் ஏற்பாடு செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இருந்தால்தானே? பதினைந்து விண்டுக்கு நம்மை விட்டால் யார்? மட்டையை நீட்டிக்கொண்டு, "சும்மா நின்னாப் போதும்டி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாய். இரண்டு தோளும் கிழிந்தவள் சொல்கிற பேச்சா அது?

முதல் ஆட்டத்தில் நிஜமாகவே சும்மாதான் நின்றேன். தாழ வந்ததைத் தட்டினேன், உயர வந்ததை விட்டேன். பாதி பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது, மீதியை நீ முன்னாலேயே மறித்துவிட்டாய். பார்த்துக்கொண்டிருந்த சுமார்னி நம்மை ஆட வந்த பொம்மைகள் என்று நினைத்திருப்பாள். இறுதி ஆட்டத்தில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உன்னைத் தாண்டி எல்லாவற்றையும் என் தலைக்கு மேலேயே தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் நான் பின்னால் ஓடி, தாழ இறங்கவிட்டு, இடுப்புக்குக் கீழே வாரி எடுத்தேன். எடுக்க முடியாதது புள்ளியாகப் போயிற்று. கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "பாவம், அவளுக்குக் கை தூக்க வராது" என்றாள். பாவம் என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்தது, அக்கா. உனக்குக் கேட்டிருக்காது.

அவர்களுக்குப் பதினான்கு, நமக்குப் பன்னிரண்டு, பதினைந்தில் ஆட்டம் முடியும். அவர்கள் சர்வீஸ். சுமார்னி மறுபடி தூக்கினாள், எல்லாவற்றையும் விட உயரமாக. நீ திரும்பிப் பார்க்காமலே, "விடு! வெளிய போவுது!" என்று கத்தினாய். விட்டிருந்தால் சர்வீஸ் நமக்கு வந்திருக்கும். நீ ஜெயித்திருக்கவும்கூடும்.

நான் அடித்தேன். கை மேலே போயிற்று, காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, முழுசாக. மட்டையின் நடுவில் பட்டது. அந்தச் சத்தத்தை இரண்டு வருடமாக நான் கேட்கவில்லை. பந்து நேராகப் போய் வலையில் விழுந்தது. தோற்றோம். நீ திரும்பி, "கண்ணு தெரியலயாடி உனக்கு?" என்று கத்தினாய். ஊருக்கு முன்னால் நானும் "ஆமா, கண்ணாடி மாத்தணும்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அது ஒரு முழம் வெளியே போகிற பந்து. நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். புள்ளி போகும், கோப்பை போகும், நீ என்னைத் திட்டுவாய், எல்லாம் தெரிந்துதான் அடித்தேன். இரண்டு வருடமாக எல்லோரும் சொன்னதை எல்லாம் விட்டேன். இதை விட முடியவில்லை. அது எனக்கு வேண்டிய பந்து.

இதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அடுத்த வருடத்துக்கு இப்போதே பெயரைக் கொடுத்துவிடு. நான் இங்கே யாரையும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

பலகாரப் பெட்டியில் மீந்த கொழுக்கட்டையைத் தனியாகத் தின்றுவிடாமல் கர்சிக்கும் கொடுத்திருப்பாய் என்று நம்பும்,

உன்னைத் தோற்கடித்த தங்கை,
விதார்த்தி